யாரும் சாகாத நாவல்கள்

நான்கு மாதம் பத்து நாளில் பத்தொன்பது நாவல்கள் படித்து முடித்திருக்கிறேன். பாதியில் தூக்கிப் போட்ட மூன்றை இதில் சேர்க்கவில்லை. கணவர் மவுத்தாகிவிட்டால், அதாவது இறந்துவிட்டால், எங்களில் மனைவி அத்தனை நாள் இத்தா இருக்க வேண்டும். அவசியமில்லாமல் வாசலைத் தாண்டக் கூடாது, நகை போடக் கூடாது, அந்நிய ஆண்கள் முன்னால் வரக் கூடாது. மதுரை கோரிப்பாளையத்தில் எங்கள் வீட்டு உள்ளறைக்கு ஒரே ஒரு ஜன்னல். அதன் வழியாக நாள் முழுக்க ஹாரன் சத்தம் வரும், காற்று வராது. ஓத வேண்டியதை ஓதினேன், தொழ வேண்டியதைத் தொழுதேன். மிச்ச நேரத்துக்கு நாவல்தான்.

துக்கம் விசாரிக்க வந்த உறவுக்கார அம்மா ஒருவர் தலையணைக்குப் பக்கத்தில் கிடந்த அட்டையைப் பார்த்துவிட்டார். அட்டையில் ஒரு பெண் கூந்தல் பறக்க நிற்கிறாள், பின்னால் கோட்டு போட்ட ஒருவன் அவளை முறைக்கிறான்.

"இத்தாவுல இருந்துக்கிட்டு கதப்புத்தகமா படிக்கிற?"

"கண்ணு நல்லாத் தெரியுதுல்ல, அதான் படிக்கிறேன்" என்றேன்.

அவர் அட்டையைக் கவிழ்த்து வைத்தார். என் கணவருக்குக் கண் போன விஷயம் அவருக்கும் தெரியும்.

நான் பத்தாவது வரை படித்தவள். பெரிய இலக்கியம் எதுவும் எனக்குத் தெரியாது. பஸ் ஸ்டாண்டு கடையில் கயிற்றில் தொங்குகிற மாத நாவல், முதலில் செல்போனில் தொடராக வந்து பிறகு தடியாக அச்சாகிற குடும்ப நாவல், கொலைக் கதை, ராஜா ராணிக் கதை, இவைதான் நான் படிப்பது. கல்யாணமான புதிதில் தொடங்கிய பழக்கம், இன்னும் விடவில்லை. அந்தத் தகுதியில் எனக்கும் அபிப்பிராயம் உண்டு. யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன்.

இப்போது வருகிற குடும்ப நாவல்களில் கதாநாயகன் ஆறடிக்குக் குறைந்து இருப்பதே இல்லை. அவனுக்கு ஒரு கம்பெனி இருக்கும். அந்தக் கம்பெனியில் என்ன தயாராகிறது என்று எந்த எழுத்தாளரும் சொன்னதில்லை. அவன் காலையில் கோபப்படுவான், மதியம் கோபப்படுவான், சாயங்காலம் ஜன்னலோரம் நின்று முஷ்டியை இறுக்குவான். கதாநாயகிக்குக் கட்டாயத் தாலி கட்டிக் கூட்டிவந்து நூறு பக்கம் அழவைப்பான். பிறகு அவளுக்கு ஒரு காய்ச்சல் வரும். இவன் பக்கத்தில் உட்கார்ந்து நெற்றியில் ஈரத்துணி போடுவான். அத்தோடு அவன் செய்த அட்டூழியம் எல்லாவற்றையும் அவள் மன்னித்துவிடுவாள். ஒரு ஈரத்துணிக்கு இவ்வளவு பெரிய மன்னிப்பா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என் கணவர் ஐந்தடி மூன்று அங்குலம். பைப்பும் ஆணியும் தாழ்ப்பாளும் விற்கிற ஹார்டுவேர் கடை வைத்திருந்தார். முப்பத்து நான்கு வருடத்தில் அவர் ஒரு நாளும் ஜன்னலோரம் நின்று நான் பார்த்ததில்லை.

மதுரையில் நடக்கிற கதை என்று ஆசையாக எடுத்தால் முதல் பக்கத்தில் மல்லிகைப்பூ, இரண்டாம் பக்கத்தில் அரிவாள். பத்தாம் பக்கத்துக்குள் ஒரு பாய் வந்துவிடுவார். நாயகனுக்குப் பெருநாள் பிரியாணி கொடுப்பார். இல்லாவிட்டால் நாயகன்மேல் விழ வேண்டிய வெட்டைத் தான் வாங்கிக்கொண்டு செத்துப்போவார். நாயகன் அவரை மடியில் போட்டுக் கதறுவான், அடுத்த அத்தியாயத்தில் பாட்டுப் பாடப் போய்விடுவான். அந்த பாய்க்கு ஒரு பெண்டாட்டி உண்டா, அவர் போன பிறகு அவள் என்ன ஆனாள், எத்தனை நாள் உள்ளறையில் உட்கார்ந்திருந்தாள், ஒரு வரி கிடையாது. முன்பெல்லாம் இதைப் படித்துச் சிரிப்பேன். இந்தத் தடவை சிரிக்க முடியவில்லை, புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

எல்லாவற்றையும்விட எனக்கு ஆற்றாமை இந்தச் சாவுக் காட்சிகள்மேல்தான். நாவலில் சாகப்போகிறவர் மூன்று பக்கம் பேசுகிறார். மனைவி கையைப் பிடித்துக்கொள்கிறார், சண்டையிட்ட பிள்ளைகளைச் சேர்த்து வைக்கிறார், யாரோ யாருடைய மகன் என்ற ரகசியத்தை உடைக்கிறார், அதற்குப் பிறகுதான் தலை சாய்கிறது. என் கணவர் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, "ஃபேனக் கொஞ்சம் கொறை" என்றார். நான் எழுந்துபோய்க் குறைத்துவிட்டுத் திரும்பினேன். அதற்குள் முடிந்திருந்தது.

அவர் இப்படி ஒரு வார்த்தையும் பேசாமல் போனதற்கு நான்தான் காரணம் என்று நம்பியிருந்தேன். அவர் பிழைக்கமாட்டார் என்பதை ஆறு மாதம் அவரிடமிருந்து மறைத்து வைத்தவள் நான். நாவல் படித்துப் படித்துப் பழகிய கையோடுதான் அதைச் செய்தேன்.

கண் தெரிந்த காலத்தில் அவருக்கு நாவல் என்றாலே இளக்காரம். குழம்பில் உப்பு குறைந்தால்கூட, "குப்பையப் படிச்சுப் படிச்சு மண்டையில ஒண்ணும் நிக்க மாட்டேங்குது ஒனக்கு" என்பார். சர்க்கரை அவர் கண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது. லேசர் வைத்தார்கள், ஊசி போட்டார்கள். முதலில் ஆணி சைஸ் தெரியவில்லை, பிறகு ஆள் தெரியவில்லை, பிறகு வெளிச்சம்கூடத் தெரியவில்லை. கடையை வேறொருவர் கையில் விட்டுவிட்டு வீட்டோடு வந்து உட்கார்ந்தார். சாயங்காலம் அசர் தொழுகைக்குப் பிறகு டீ குடித்துவிட்டு நான் கட்டில் ஓரத்தில் நாவலோடு சாய்வது வழக்கம். ஒரு நாள் அவர் நாற்காலியிலிருந்து குரல் கொடுத்தார்.

"இந்தா புள்ள, மனசுக்குள்ளயே படிச்சா எப்புடி? சத்தமாப் படி. நானுந்தான் கேக்குறேன், அந்தப் பய இன்னக்கி என்னத்துக்குக் கோவப்படுறான்னு."

அன்றைக்குத் தொடங்கியது. அவரைப் போல ஒரு விமர்சகரை நான் பார்த்ததில்லை. ஆறடி நாயகன் காலையில் பால்கனியில் நின்று யோசித்தால், "மணி பத்தாச்சு, இன்னும் கடை தெறக்காம நிக்கிறான் பாரு" என்பார். நாயகி ஐந்தாவது தடவை மயங்கி விழுந்தால், "இதுக்கு ரத்தம் இல்லய்யா, ஈரல் வாங்கிக் கொடுங்க" என்பார். கொலைக் கதையில் துப்பறிகிறவர் பூட்டை உடைக்காமல் திறந்தது எப்படி என்று இருபது பக்கம் மண்டையைக் குழப்புவார். இவர் ஒரு நிமிடத்தில், "அந்தப் பூட்டெல்லாம் ரெண்டு தட்டுத் தட்டுனாத் தொறந்துக்கும், நானே எம்புட்டு வித்துருக்கேன்" என்று கதையை முடித்துவிடுவார். நாங்கள் இருவரும் அவ்வளவு சிரித்தது கல்யாணமான புதிதில்கூட இல்லை.

மூன்றாவதோ நான்காவதோ படித்த புத்தகத்தில் ஒரு வாத்தியார். அவருக்குக் கண் போய்விடுகிறது. பிள்ளைகள் ஆளுக்கு ஒரு ஊராகப் போகிறார்கள். கடைசியில் வாத்தியார் மழையில் ஒரு பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தபடியே செத்துப்போகிறார். வாய் ஒரு வரியைப் படிக்கும்போது கண் அடுத்த நாலு வரிக்கு ஓடிவிடுமே, அப்படி எனக்கு முன்கூட்டியே தெரிந்துவிட்டது. எதிரே இவர் முகத்தைத் தூக்கி உட்கார்ந்திருக்கிறார். நான் நிறுத்திவிட்டேன்.

"என்னாச்சு?"

"தொண்ட கட்டிக்கிருச்சு" என்று தண்ணீர் குடித்தேன். குடித்துவிட்டு, மழையில் ஒரு கார் வந்து நிற்பதாகச் சொன்னேன். காரில் வாத்தியாரிடம் படித்த பழைய மாணவன். அவன் இப்போது கண் டாக்டர். ஆபரேஷன் நடக்கிறது, கட்டை அவிழ்க்கிறார்கள், வாத்தியார் முதலில் தன் மனைவி முகத்தைப் பார்க்கிறார். அந்த மனைவியை எழுத்தாளர் முப்பதாம் பக்கத்திலேயே கொன்றிருந்தார். அவளையும் நான் அந்தப் பக்கம் படித்த அன்றைக்கே உயிரோடு விட்டிருந்தேன் என்பது இப்போது நினைவுக்கு வருகிறது. அப்படியானால் அதுதான் முதல்.

"நல்ல எழுத்தாளருய்யா. கடைசில மனுசனக் கைவிடல" என்று இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு எனக்குத் துணிச்சல் வந்துவிட்டது. யார் சாகப் போனாலும் தடுத்தேன். விபத்தில் போக வேண்டிய அண்ணன் காலில் கட்டோடு பிழைத்தான். பிரசவத்தில் போக வேண்டியவளுக்கு இரட்டைக் குழந்தை பிறந்தது. கொலை நாவலில்தான் திணறிவிட்டேன். முதல் அத்தியாயத்தில் கொலையானவனை ஆஸ்பத்திரியில் கண் விழிக்க வைத்துவிட்டேன். அவன் கண் விழித்தால் குத்தியவன் பெயரைச் சொல்லிவிடுவானே. மீதி நூறு பக்கத்துக்கு என்ன செய்வது? அவனுக்கு நினைவு தப்பிவிட்டது என்று சொல்லிச் சமாளித்தேன். மூன்று பாக ராஜா கதையில் இளவரசன் முதல் பாகக் கடைசியிலேயே போரில் விழுந்துவிட்டான். நான் அவனை விடவில்லை. அடுத்த இரண்டு பாகமும் அவனை எங்கெங்கோ மலைக் குகையில் ஒளித்து வைத்துச் சோறு போட்டேன். எழுத்தாளர் கேட்டால் என்னை அடிக்க வந்திருப்பார். ஒன்றரை வருடத்தில் என் கையில் ஒருவரும் சாகவில்லை.

அப்படியிருக்கும்போதுதான் அவருக்குப் பசி நின்றது. வயிறு உப்பியது. ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் என்னையும் மகளையும் மட்டும் தனியாகக் கூப்பிட்டார். புற்றுநோய், ஈரலில் இருந்து மற்ற இடத்துக்கும் பரவிவிட்டது, இனி அறுக்கவும் முடியாது, ஆறு மாதம் இருக்கலாம் என்றார். சொல்வதும் சொல்லாததும் உங்கள் விருப்பம் என்றார். "அத்தாட்ட என்னம்மா சொல்றது?" என்று மகள் கேட்டாள். "ஒண்ணும் சொல்லாத. நான் பாத்துக்கிறேன்" என்றேன். அவளுக்கு அதில் பங்கில்லை, முடிவு என்னுடையது.

வீட்டுக்கு வந்ததும் அவர் கையை நீட்டினார். "ரிப்போர்ட்ட எடு. படி, கேப்போம்."

எடுத்துக் கொடுத்தேன், தடவிப் பார்த்துவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தார். இரண்டு தாள், பின் அடித்தது. எல்லாம் இங்கிலீஷ். எனக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வரும். நான் படித்தேன். ஈரலில் லேசாக வீக்கம். மாத்திரையில் கரையும். எண்ணெய்ப் பலகாரம் ஆகாது. மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். என் குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. ஒன்றரை வருடப் பழக்கம்.

"அம்புட்டுத்தானா?" என்றார்.

"அம்புட்டுத்தாங்க."

"சரி. அந்த நாவல எடு" என்றார்.

அந்த ஆறு மாதமும் என்னைத் தின்றது அவருடைய தம்பி விஷயம். கொழுந்தனார் வீடு இரண்டு தெரு தள்ளி. பதினோரு வருடத்துக்கு முன்னால் அவர் தன் மகனுக்கு எங்கள் மகளைக் கேட்டார்; அண்ணன் தம்பி பிள்ளைகள் கட்டிக்கொள்வது எங்கள் மார்க்கத்தில் ஆகும். அவளுக்கு இஷ்டமில்லை. திருமங்கலத்தில் வேறு இடத்தில் கொடுத்தோம். கொழுந்தனார் கல்யாணத்துக்கு வரவில்லை. அன்றோடு பேச்சு நின்றது. இரண்டு பேரும் வெள்ளிக்கிழமை ஒரே பள்ளிவாசலில் தொழுதார்கள். ஒருவர் முன்வரிசையில் உட்கார்ந்தால் மற்றவர் கதவோரம் உட்காருவார்.

எங்களில் ஒரு வழக்கம் உண்டு. போகிற காலம் தெரிந்தால் மனுஷன் ஒவ்வொருவராகப் பார்த்து, "தெரிஞ்சும் தெரியாமலும் செஞ்ச குத்தத்தப் பொறுத்துக்கிருங்க" என்று கேட்டுவிட வேண்டும். ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் கேட்பார்கள், படுக்கையில் விழுந்தவர்கள் கேட்பார்கள், புருஷன் பெண்டாட்டியும் ஒருவரிடம் ஒருவர் கேட்டுக்கொள்வார்கள். மனுஷனுக்குச் செய்த குற்றத்தை அந்த மனுஷன் மன்னித்தால்தான் உண்டு, அந்தப் பாரத்தோடு போகக் கூடாது என்பது நம்பிக்கை. இவருக்குத் தெரிந்தால்தானே கேட்பார்? தெரியாமல் வைத்திருப்பவள் நானல்லவா? நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு நாளும் நினைப்பேன். அசருக்கு டீ குடிப்பார், "படி" என்பார், முகம் தெளிவாக இருக்கும். நான் புத்தகத்தை எடுத்துவிடுவேன். கொழுந்தனாரையாவது நானே வரச் சொல்லியிருக்கலாம். உண்மையைச் சொன்னால் எனக்கும் அவர்மேல் வீம்பு இருந்தது. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுவேன், முகம் கழுவிக்கொண்டு வந்து யாராவது ஒரு நாயகியைப் பிழைக்க வைப்பேன். இப்படியே அந்தச் செவ்வாய்க்கிழமை வந்துவிட்டது.

மையத்தை அடக்கத்துக்குத் தூக்கும்போது கொழுந்தனார் வந்து முன்னால் நின்று தோள் கொடுத்தாராம். மகள் சொன்னாள். உயிரோடு இருந்தபோது இரண்டு தெரு நடக்க முடியாதவருக்குச் செத்த பிறகு தோள் எதற்கு என்று எனக்கு நெஞ்சு எரிந்தது.

இத்தாவில் மகள் கூடவே இருந்தாள். சனிக்கிழமை மட்டும் திருமங்கலம் போய் அவள் வீட்டைப் பார்த்துவிட்டு, பஸ் ஸ்டாண்டு கடையில் எனக்கு ஒன்றோ இரண்டோ நாவல் வாங்கி வருவாள். இந்தத் தடவை எந்த வரியையும் தாண்டக் கூடாது, செத்தவர்களைச் சாக விட்டுவிட வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு படித்தேன். அதனால் இந்தப் பத்தொன்பதைப் பற்றி நான் சொல்வது நிஜமான அபிப்பிராயம். பாதிச் சாவுகள் வீண். எழுத்தாளருக்கு அந்த ஆளை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை, அதனால் லாரியை விட்டு ஏற்றிவிடுகிறார். ஒன்று மட்டும் என்னை உலுக்கியது. எழுமலைப் பக்கம் ஒரு விவசாயி செத்துப்போகிறார், அவர் மனைவி மறுநாள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போகிறாள், மாடு அவள் பின்னால் அவரைத் தேடுகிறது. அது ஒன்றரைப் பக்கம்தான் இருக்கும். எழுதியவர் புதியவர், அதற்கு முன்னால் பின்னால் எல்லாம் சுமார்தான். அந்த ஒன்றரைப் பக்கத்துக்காக அவர் நன்றாக இருக்கட்டும்.

இன்னொன்றைச் சுவரில் எறிந்தேன். அதில் கணவனுக்குத் தீராத நோய். மனைவி ரிப்போர்ட்டை மறைத்துவிடுகிறாள். சாப்பிடாமல் படித்தேன். இவள் என்ன செய்யப் போகிறாள், சொல்வாளா மாட்டாளா, இதை எழுதியவருக்காவது விடை தெரியுமா என்று ஓடி ஓடிப் படித்தால், கடைசி அத்தியாயத்தில் ஆஸ்பத்திரியில் ரிப்போர்ட் மாறிப்போய்விட்டதாம். அது வேறு யாருடையதோவாம். இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டு கொடைக்கானல் போகிறார்கள். புத்தகம் விழுந்த சத்தத்துக்கு மகள் அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. நானும் அதே வேலையைத்தானே அவருக்குச் செய்தேன் என்று நினைத்தபோது என்மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது.

மூன்றாவது மாதம் ஒரு சாயங்காலம் கொழுந்தனார் தன் மனைவியோடு வந்தார். மனைவி உள்ளே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் நடுவீட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நடுவில் திரை.

"மதினி, நல்லாருக்கீகளா?"

"இருக்கேன் தம்பி."

எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே.

"அவரு இருந்தப்ப ஒரு எட்டு வந்து பாத்திருக்கலாம். இருக்கிறது ரெண்டு தெரு. பதினோரு வருசமாச்சு. மூஞ்சிய மூடுனப்பறம் வந்து தோள் கொடுத்து என்ன தம்பி செய்ய?"

என் பக்கத்தில் இருந்தவர் என் கையைப் பிடித்தார். திரைக்கு அந்தப் பக்கம் நாற்காலி அசைந்தது.

"மதினி... அண்ணே ஒங்ககிட்டச் சொல்லலையா?"

"எத?"

அவர் சொல்ல ஆரம்பித்தார். ரிப்போர்ட் வந்த வாரத்து வெள்ளிக்கிழமை ஜும்ஆ. தொழுகை முடிந்து எல்லோரும் எழும் நேரம். என் கணவர் தன்னைக் கூட்டிப்போகிற பக்கத்து வீட்டுக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு கதவோரம் வந்து நின்றிருக்கிறார்.

"'டேய், எங்கடா இருக்க'ன்னு கைய நீட்டித் தேடுறாரு மதினி. நான் எந்திரிச்சுக் கையப் புடிச்சேன். 'நான் ஒனக்குச் செஞ்ச குத்தத்தப் பொறுத்துக்கடா'ன்னாரு. என்னண்ணே இதுன்னேன். சட்டைக்குள்ளருந்து ரிப்போர்ட்ட எடுத்தாரு. 'இத ஒம்மகங்கிட்டக் கொடு. உள்ளது உள்ளபடி படிக்கச் சொல்லு'ன்னாரு."

அந்த மகன், எங்கள் பெண்ணை நாங்கள் கொடுக்காத அந்தப் பையன், மெடிக்கல் ஷாப்பில் வேலை பார்க்கிறான். பள்ளிவாசல் படியில் உட்கார்ந்து படித்திருக்கிறான். முடிப்பதற்குள் அழுதுவிட்டானாம். இவர் அழவில்லையாம். அவன் தலையைத் தடவிக் கொடுத்தாராம்.

"ஒங்களுக்கு எப்புடிண்ணே சந்தேகம் வந்துச்சுன்னு கேட்டேன். 'கதையில யாராச்சும் சாகப்போனா அவ பக்கத்தப் பொரட்டமாட்டாடா. சத்தமே கேக்காது. தானாச் சொல்லிக்கிட்டே போவா. ரிப்போர்ட்டு ரெண்டு தாளு, நான் தடவிப் பாத்துட்டுத்தான் கொடுத்தேன். அவ பொரட்டல'ன்னாரு."

நான் சுவரில் சாய்ந்துகொண்டேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அண்ணனும் தம்பியும் தொழுகை முடிந்து ஒரு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். இம்புட்டு நேரமா தொழுகை என்று நான் அவரைக் கடிந்திருக்கிறேன். டீ குடித்தோம் என்பார். பழைய வாடிக்கைக்காரர்கள், கடைத்தெருவில் சண்டை போட்டவர்கள், ஒவ்வொருவரையும் அங்கே வரவழைத்துப் பொறுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டிருக்கிறார். வீட்டில் மூச்சு விடக் கூடாது என்று எல்லோரிடமும் சத்தியம் வாங்கியிருக்கிறார்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?" என்று கேட்டேன். குரல் எனக்கே கேட்கவில்லை. கொழுந்தனாருக்குக் கேட்டிருக்கிறது.

"நானும் கேட்டேன் மதினி. 'சொன்னா அவ உக்காந்து அழுவா. படிக்கமாட்டா. ஒரு ஆளக் காப்பாத்திட்டா அவ கொரல்ல ஒரு சந்தோசம் வரும்டா, அதக் கேட்டுக்கிட்டே போயிர்றேன்'னாரு."

ஆறு மாதம். அந்த நாற்காலியில் முகத்தைத் தெளிவாக வைத்துக்கொண்டு, தன்னுடைய சாவைத் தெரிந்துகொண்டு, நான் யாரையோ பிழைக்க வைப்பதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார். நான் குளியலறையில் அழுதேன். அவர் எங்கே அழுதார் என்று எனக்குத் தெரியாது. ஒரே வீட்டில் இருந்தோம். ஒரு தடவை சேர்ந்து அழுதிருக்கலாம்.

கொழுந்தனார் மூக்கை உறிஞ்சினார். கிளம்ப எழுந்தவர் நின்றார்.

"எல்லார்கிட்டயும் கேட்டு முடிச்சுட்டுத்தான் போனாரு மதினி, ஒரு ஆள விடல. கடைசி ஜும்ஆவுல நான் சொன்னேன், மதினிகிட்டயும் கேட்ருங்கண்ணே, அந்தப் பாரத்தோட போயிராதீகன்னு. பாப்போம்னாரு. அது ஒண்ணுதான் எனக்கு மனசுல ஓடிக்கிட்டே இருக்கு. ஒங்ககிட்டக் கேட்டாருல்ல மதினி?"

என் பக்கத்தில் இருந்தவர் என் முகத்தையே பார்த்தார். திரைக்கு அந்தப் பக்கம் அவர் மூச்சு விடாமல் நிற்பது தெரிந்தது.

"கேட்டாரு தம்பி" என்றேன். "போறதுக்கு மொத நாளு கேட்டாரு. நானும் அவருகிட்டக் கேட்டேன். ரெண்டு பேரும் பொறுத்துக்கிட்டோம்."

"அல்ஹம்துலில்லாஹ்" என்று அவர் வாய்விட்டு அழுதார். அழுதுகொண்டே வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

என் கணவர் என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவருக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரிந்துபோயிருக்கும். நானும் அவரிடம் கேட்கவில்லை.